கேட்காமலே லிங்க் போட்டுவிட்டு விற்க வந்தார்கள். உங்களுக்கும் நடந்ததா?

சாயல்குடி பனை
எங்கள் கருப்பட்டி வெப்சைட்தான் உங்களுக்குத் தெரியுமே. கடைக்கு ஒருவர் வந்தார். ஐயாயிரம் பேக்லிங்க், அதாவது மற்ற தளங்களிலிருந்து உங்கள் தளத்துக்கு லிங்க், போட்டுத் தருகிறேன், கூகுளில் முதல் பக்கம் என்று லேப்டாப்பைத் திறந்தார். ஒன்றையாவது காட்டுங்கள் என்றேன். சாம்பிளுக்கு ஏற்கனவே ஒன்று போட்டிருக்கிறாராம். காட்டினார். எந்த மொழி என்றே புரியாத பக்கம். சூதாட்டம், உடனடிக் கடன், எடை குறைக்கும் மாத்திரை, அதற்கு நடுவே நீல எழுத்தில் எங்கள் கடைப் பெயர். அப்பா பனையேறிச் சம்பாதித்த பெயர் அது. எடுங்கள் என்றால், "இருந்தா நல்லதுதானே மேடம்" என்கிறார். அந்த நீல எழுத்து கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

பாம்பன் தீவுக்காரன்
எனக்குப் போனில் வந்தார்கள், வேண்டாம் என்று வைத்துவிட்டேன். லிங்க் எல்லாம் பழைய கதை அக்கா. நன்றாக எழுதினால் போதும். தனுஷ்கோடி பற்றி, 1964 புயலில் இடிந்த சர்ச், ரயில் நிலையம் படங்களோடு எங்கள் விடுதி தளத்தில் எழுதியிருக்கிறேன். வெளியிலிருந்து ஒரு லிங்க் கிடையாது. தேடினால் வருகிறதே!

கீழக்கரை காக்கா
தம்பி, எதைத் தேடினால் வருகிறது? விடுதிப் பெயரோடு சேர்த்துத் தேடினால் வரத்தான் செய்யும். 'தனுஷ்கோடி' என்று மட்டும் போட்டுப் பாருங்கள். பேஜ்ரேங்க்கை, அதாவது வரும் லிங்க்குகளை வைத்து ஒரு பக்கத்தை மதிப்பிடும் முறையை, இன்றும் பயன்படுத்துவதாகத்தான் கூகுள் சொல்கிறது, பல காரணிகளில் ஒன்றாக.

என் அனுபவம் சின்னதுதான். முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது விளைச்சல், காய்ச்சல் எல்லாம் விவரமாக எழுதினேன். முன்பின் தெரியாத ஒரு பேராசிரியர் மாணவர்களுக்கான பாடக்குறிப்பில் அதற்கு லிங்க் கொடுத்திருந்தார். அந்தக் குறிப்பில் என் பக்கத்தைப் பார்த்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

1998-ல் ஸ்டான்ஃபோர்டில், கூகுளைத் தொடங்கிய லாரி பேஜும் செர்கே பிரினும் பேஜ்ரேங்க் பற்றிச் சொன்னது இதைத்தான். எத்தனை லிங்க் என்பதோடு கணக்கு முடியாது, கொடுப்பது யார் என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தன் மதிப்பை, தான் லிங்க் கொடுக்கும் பக்கங்களுக்கெல்லாம் பங்கு வைக்கிறது. நூறு லிங்க் இருந்தால் நூறு பங்கு. அந்தச் சூதாட்டப் பக்கத்தை மதித்து யார் லிங்க் கொடுக்கப் போகிறார்கள்? வலையில் மீனே இல்லாத படகில் ஐயாயிரம் பேர் பங்குக்கு நிற்பது போலத்தான்.

2012-ல் பெங்குவின் என்று, போலி லிங்க்குகளைப் பிடிக்கும் கூகுளின் மாற்றம் வந்தபோது இப்படி லிங்க் வாங்கிய தளங்கள் பலமாக அடி வாங்கின. 2016-லிருந்து பெங்குவின் பெரும்பாலும் அந்த லிங்க்கை மட்டும் மதிப்பில்லாமல் தள்ளிவிடுகிறது. அதனால் ஒரு சாம்பிளுக்காகப் பயப்பட வேண்டாம் தங்கச்சி. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் யார் யார் லிங்க் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், கூகுள் நடவடிக்கை ஏதாவது எடுத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம், உங்கள் பனங்கற்கண்டு பக்கத்துக்கு முகப்பிலிருந்து லிங்க்கே இல்லை. முதலில் அதைச் சரி செய்யுங்கள். ஓலைப்பெட்டி முடைபவர்கள், கருப்பட்டி மிட்டாய் போடுபவர்கள் தளம் வைத்திருந்தால் நீங்களும் அவர்களுக்கு லிங்க் கொடுங்கள். காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால் மட்டும், இது காசுக்குக் கொடுத்த லிங்க் என்று கூகுளுக்குச் சொல்லும் 'ஸ்பான்சர்டு' குறி போட வேண்டும், 2019-லிருந்து அதற்கென்றே தனிக் குறி இருக்கிறது.

சாயல்குடி பனை
காக்கா, முகப்பு லிங்க்கை இன்றே போடுகிறேன். ஆனால் ரேங்க் போனாலும் பரவாயில்லை. அந்தப் பக்கத்தில் அப்பா பெயர் இருக்கக் கூடாது. அதற்கு என்ன வழி?

தேவிபட்டினம் கடலோரம்
எனக்கும் இதே கதைதான் அக்கா, இறால் வியாபாரத்தில். பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, முகவரியோடு அந்த ஆளுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அனுமதி இல்லாமல் எங்கள் பெயரைப் போட்டிருக்கிறீர்கள், எடுக்காவிட்டால் சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன் என்று எழுதினேன். சாயங்காலத்துக்குள் எடுத்துவிட்டார். போட்டவருக்கு எடுக்கவும் தெரியும். அவர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா?