யூவியைட்டிஸ்: விழிநடுப்படல அழற்சி எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

யூவியைட்டிஸ் (uveitis) என்ற கண் நோய்க்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் கருத்து இது. முதலில் ஒலிப்பு. 'யுவிடிஸ்' என்று எழுதினால் நடுவில் ஓர் அசை விழுந்துவிடுகிறது. யூ-வி-ஐ-ட்டிஸ், அழுத்தம் 'ஐ'யில். பிரித்தால் யூவியா (கண்ணின் ஒரு படலம்), ஐட்டிஸ் (அழற்சி). பின்பாதியில் சிக்கலில்லை, ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி, ஹெப்படைட்டிஸ் கல்லீரல் அழற்சி என்று நிலைத்துவிட்டன.

யூவியாதான் பிரச்சினை. லத்தீனில் 'ஊவா' என்றால் திராட்சை. கண்ணின் வெளித்தோலை உரித்தால் உள்ளே கருத்த பழம் போலத் தெரியும் என்பதால் வந்த பெயர். அதை வைத்துக் குழுவில் ஐயா ஒருவர் 'திராட்சைப்படல அழற்சி' என்று முன்மொழிந்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. தொண்டையில் தொங்கும் யூவுலாவும் அதே ஊவாவில் பிறந்ததுதான், 'குட்டித் திராட்சை' என்று பொருள். தமிழில் அதற்கு இடம் பார்த்து உள்நாக்கு என்று பெயர் வைத்தோம், யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இங்கும் இடத்தையே பார்க்கலாம். விழிக்கோளச் சுவர் மூன்று அடுக்கு: வெளியே வெண்விழியும் அதன் முன்னுள்ள தெளிந்த கார்னியாவும், உள்ளே விழித்திரை, நடுவில் ஐரிஸ் (கண்மணியைச் சுற்றிய நிற வளையம்), சிலியரி உறுப்பு (ஐரிஸுக்குப் பின்னுள்ள தசை வளையம்), கோராய்டு (இரத்தக்குழாய்கள் நிறைந்த படலம்) சேர்ந்த யூவியா. ஆகவே விழிநடுப்படலம்.

வெறுமனே 'கண் அழற்சி' போதுமே என்றார் ஒருவர். போதாது. மெட்ராஸ் ஐ வந்தாலும் கண் சிவக்கும், இதிலும் சிவக்கும். மெட்ராஸ் ஐ பெரும்பாலும் தானே ஆறிவிடும். இதைக் கவனிக்காமல் விட்டால் ஐரிஸ் பின்னாலுள்ள லென்ஸோடு ஒட்டிக்கொள்ளலாம். கண்புரை, கண்ணழுத்தம் என்று போய்ப் பார்வையே பறிபோகலாம். வெளிச்சம் பட்டால் கூசி வலிக்கிறது, பீளை இல்லை என்றால் உடனே கண் மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது.

அப்புறம் உட்பிரிவுகள். 2005-இல் ஒருமுகப்படுத்திய வகைப்பாட்டில் முன், இடை, பின், முழு என நான்கு. 'இடை நடுப்படல அழற்சி' என்றால் படிப்பவர் திணறுவார். முன், இடை போன்ற அடைமொழியை அழற்சியோடு சேர்த்தால் தெளிவு: நடுப்படல முன்னழற்சி, இடையழற்சி, பின்னழற்சி, முழுவழற்சி.

ஐரிஸும் சிலியரி உறுப்பும் சேர்ந்து அழலும் ஐரிடோசைக்ளைட்டிஸ் முன்னழற்சிக்குள் அடங்கும். இலங்கைப் பாடநூல்கள் ஐரிஸைக் கதிராளி என்பதால் ஐரிஸ் மட்டும் அழலும் ஐரைட்டிஸுக்குக் கதிராளி அழற்சி பொருந்தும். சிலியரி உறுப்புக்கு அங்குள்ள நண்பர்கள் வழங்கும் சொல்லைத் தெரிவித்தால் இதையும் முடித்துவிடலாம்.