புதுப்பிப்பு: டெகாவின் ‘நடன வகுப்பு’ ஓவியத்தில் அந்தக் கண்ணாடி

பிரெஞ்சு ஓவியர் டெகா வரைந்து, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ள 1874-ஆம் ஆண்டு ஓவியத்தில், கண்ணாடிக்குள் தெரியும் நடனப் பெண்கள் ஆன்மாவின் குறியீடா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

‘உருவங்களை விடுங்கள், கண்ணாடிக்குப் பக்கத்துச் சுவரைப் பாருங்கள்’ என்ற யோசனைதான் கைகொடுத்தது. அங்கே இருப்பது இசையமைப்பாளர் ரோசினியின் ஓபரா (இசை நாடகம்) ஒன்றின் சுவரொட்டி. ஓவியத்தை வரையச் சொன்ன பாடகர் ஃபோருக்குச் செய்த மரியாதை அது. கண்ணாடியில் இருப்பதோ அந்த அறையும் ஜன்னல் வெளிச்சமும்தான். ஆன்மா என்பது நான் ஏற்றிய பொருள்.

எதிர்பாராதது இதுதான்: ஓவியத்தில் காட்டப்படும் கூடம் இருந்த பாரிஸ் ஓபரா அரங்கின் பழைய கட்டடம் 1873-லேயே எரிந்துவிட்டது. புகழ்பெற்ற பாலே நடன ஆசிரியர் ஜூல் பெரோ தேர்வு நடத்தும் இந்தக் காட்சியே கற்பனை! இல்லாமல் போன கூடத்தைக் காட்டும் கண்ணாடி என்று தெரிந்ததும் நெஞ்சு கனத்துவிட்டது.

தேடி வருவோருக்கு: பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இதே பெயரில் வேறொரு ஓவியம் உண்டு, குழம்ப வேண்டாம்.