பிளைண்ட் மோல்-ராட்: குருட்டு அகழெலியா, பல்லகழியா, புதைவிழி எலியா?

மடல் 1

குழுவினருக்கு வணக்கம்.

நம் பாலூட்டிகள் பட்டியலில், ஆங்கிலத்தில் பிளைண்ட் மோல்-ராட் எனப்படும் ஸ்பாலாக்ஸ், நானோஸ்பாலாக்ஸ் என்ற இரண்டு பேரினங்களுக்கும் சேர்த்து தமிழில் ஒரு பொதுப்பெயர் வேண்டும். உக்ரைன், தென் ரஷ்யப் புல்வெளிகள் தொடங்கி பால்கன் நாடுகள், துருக்கி, சிரியா, இஸ்ரேல் வழியாக எகிப்து, லிபியா வரை மண்ணுக்கடியிலேயே வாழ்நாளைக் கழிக்கும் கொறித்துண்ணிகள் இவை. இதுவரை வந்த பரிந்துரைகள்: குருட்டு அகழெலி, கண்ணிலி எலி, பல்லகழி, மண்நாய். கடைசியாகச் சொன்னது வேடிக்கை இல்லை. ஹங்கேரியனில் இதன் பெயரே ‘மண்நாய்’ என்ற பொருளில்தான் இருக்கிறது. ருமேனியாவில் ‘மண்ணின் நாய்க்குட்டி’, செர்பியாவில் ‘குருட்டு நாய்க்குட்டி’. துருக்கியில் ‘குருட்டெலி’. ரஷ்யப் பெயரான ஸ்லெப்பிஷும் குருடு என்ற சொல்லடியாகப் பிறந்ததே.

பெரும்பாலோர் குருட்டு அகழெலி பக்கம் சாய்கிறார்கள். மறுப்பு இருந்தால் இப்போதே சொல்லுங்கள்.

மடல் 2

> பெரும்பாலோர் குருட்டு அகழெலி பக்கம்

மறுப்பு இருக்கிறது. இரண்டு பாதியிலும் இருக்கிறது.

முதலில் அகழெலி. பழைய அகராதிகளில் அது வயலெலி. இப்போது பலர் அதை ஐரோப்பிய ‘மோல்’ என்ற விலங்குக்கு எடுத்துக்கொண்டார்கள். மோல் கொறித்துண்ணியே அல்ல. மண்புழு தின்னும் பூச்சியுண்ணி. ஐரோப்பிய மோலுக்கு 44 பல், நாம் பேசும் விலங்குக்கு 16 பல். மோல் அகன்ற முன்னங்கையால் மண்ணைத் தள்ளுகிறது. இதன் கை சிறியது, நகமும் சாதாரணம். வெட்டுப்பல்லால் மண்ணைக் கடித்துப் பெயர்த்து, தட்டையான தலையால் வளையின் சுவரில் அழுத்திப் பூசிக்கொண்டே போகும். பல்லுக்குப் பின்னால் உதடு மூடிக்கொள்வதால் வாய்க்குள் மண் புகாது.

குருட்டு என்ற அடையைச் சேர்த்தால் சிக்கல் இன்னும் மோசமாகும். டால்பா சீகா என்றொரு மோல் தென் ஐரோப்பாவில் உண்டு. கண்மீது தோல் மூடியது. ஆங்கிலத்தில் அதுதான் ‘பிளைண்ட் மோல்’. மோலை அகழெலி என்று வைத்துவிட்டதால் அதற்குக் குருட்டு அகழெலி என்றுதான் பெயர் வரும். பால்கன் பகுதியில் டால்பா சீகாவும் இருக்கிறது, நம் விலங்குகளில் ஒன்றான நானோஸ்பாலாக்ஸ் லூகோடானும் இருக்கிறது. ஒரே நாட்டின் விலங்குப் பட்டியலில் ஒரே பெயர் இரண்டு இடத்தில் வரும், அதுவும் இரண்டு வரிசைகளில்.

இனி, குருடு. உருவம் பார்க்கும் திறன் இல்லை என்பது சரி. ஆனால் கண் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த விட்டத்தில், தோலுக்கும் மயிருக்கும் அடியில். வில்லை சிதைந்திருந்தாலும் விழித்திரை ஒளியை உணர்கிறது. பகலிரவுச் சுழற்சியோடு உடற்கடிகாரத்தைப் பொருத்திக்கொள்வதும், பகல் நீளத்தைக் கொண்டு பருவம் அறிவதும் அந்தக் கண்ணால்தான். ஆகவே கண்ணிலி என்பது நேரடிப் பிழை. முதுகெலும்பிலி என்றால் முதுகெலும்பு கிடையாது என்றே பொருள். ‘இலி’யை இங்கே தளர்த்திப் பயன்படுத்தக் கூடாது. 1770-இல் இயற்கையியலாளர் கியூல்டன்ஷ்டெட் வைத்த மைக்ரோப்தால்மஸ் என்ற சிற்றினப் பெயர்கூட ‘சிறுகண்’ என்றுதான் சொல்கிறது, குருடு என்று சொல்லவில்லை.

பல்லகழி எனக்குப் பிடித்த சொல். ஆனால் ஆப்பிரிக்காவின் நேக்கட் மோல்-ராட்டும் பல்லால்தான் தோண்டுகிறது. அதுவோ வேறு குடும்பம், கண் வெளியே தெரியும், அரசியோடு கூட்டமாக வாழும். இதுவோ எலி வளையானாலும் தனி வளை என்ற கட்சி. இனப்பெருக்கக் காலம் தவிர ஒரு வளையில் இரண்டு விலங்கு நிற்காது, நின்றால் கடித்துக் கொன்றுவிடும்.

இந்த இரண்டையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்குப் புற்றுநோய் பற்றிய செய்திகளே போதும். இரண்டுக்குமே புற்றுநோய் அரிது, ஆனால் காரணம் வேறுவேறு. ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஒரே ஆய்வுக்கூடம் இரண்டு விலங்கையும் ஆய்ந்தது. 2012-இல் வெளிவந்தது நம் விலங்கு: வளர்ப்புத் தட்டில் செல்கள் 7 முதல் 20 முறை பெருகியதும் இன்டர்ஃபெரான்-பீட்டா என்ற புரதத்தைச் சுரந்து, மூன்றே நாளில் கூட்டமாக மடிகின்றன. 2013-இல் வந்தது நேக்கட் மோல்-ராட்: அங்கே காரணம் ஹயலுரோனான் என்ற நீண்ட சங்கிலிச் சர்க்கரைச் சேர்மம். தமிழில் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் ஒன்றின் காரணத்தை மற்றொன்றுக்கு எழுதிவிடுவோம்.

என் பரிந்துரை புதைவிழி எலி. தங்கமோல், பைம்மோல் போன்றவற்றுக்கும் கண் தோலடியில் புதைந்திருக்கிறது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அவை எலி அல்ல. கொறித்துண்ணிகளில் கண் முழுக்கத் தோலுக்கடியில் போனது இந்தக் கிளை மட்டுமே.

மடல் 3

விலங்கியல் காரணம் புரிந்தது. சொல்லமைப்பு பற்றி மட்டும்.

புதைவிழி வினைத்தொகை. புதைந்த, புதைகின்ற, புதையும் விழி என மூன்று காலத்துக்கும் விரியும். புதைகுழி, புதைமணல் என்று பழகிய வாய்க்கு இடறாது. புதைபடிவம் நினைவுக்கு வந்து தொல்லுயிரோ என்று யாரும் மயங்குவார்களா? விழி உடன் நிற்பதால் மயங்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

புதைகண் எலி என்றும் சொல்லலாம், சொல் இன்னும் எளிது. ஆனால் பத்துப் பேரில் பாதிப்பேர் ‘புதைக்கண்’ என்று க் போட்டு எழுதிவிடுவார்கள். வினைத்தொகையில் வல்லினம் மிகாது. விழி என்றால் அந்தத் தொல்லையே இல்லை. சேர்த்து எழுதினால் புதைவிழியெலி. தேடுபொறியில் ‘எலி’ என்று தேடுபவருக்கும் கிடைக்க வேண்டும், ஆகவே பிரித்தே எழுதுவோம்.

குருட்டெலி வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம்: வீட்டெலி ஒன்றுக்குக் கண் போனாலும் அது குருட்டெலிதான். இனப்பெயர் தனி உயிரின் நிலையைச் சொல்வதாகத் தொனிக்கக் கூடாது. ‘பார்வையற்ற எலி’ என்று மாற்றினாலும் இந்தக் குறை தீராது.

மடல் 4

வேளாண் பக்கத்திலிருந்து ஒன்று. ‘மோல்-ராட்’ என்ற பகுதியைத் தமிழாக்கும்போது நம் ஊர் விலங்கு ஒன்று நடுவில் வருகிறது. இந்திய வேளாண் நூல்களில் ‘இந்தியன் மோல்-ராட்’ என்பது பாண்டிகோட்டா பெங்காலென்சிஸ், அதாவது நெல்வயலில் வரப்பைக் குடையும் எலி. வளைவாயை மண்ணால் அடைத்துக்கொள்ளும், கதிரை அறுத்து வளையில் சேர்க்கும். ஆங்கிலப் பெயர் அப்படி வந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அதற்குக் கண்ணும் உண்டு, வாலும் உண்டு. இரவில் மேலே வந்து மேயும். ஸ்பாலாக்ஸுக்கு வெளியே தெரியும் வால் கிடையாது, காது மடலும் கிடையாது. மூக்கிலிருந்து பக்கவாட்டில் கண் இருக்கவேண்டிய இடம்வரை விறைத்த மயிர் ஒரு கோடாக ஓடும். படத்தில் இனங்காண அந்தக் கோடு போதும்.

பெயர் தவறினால் உழவருக்குச் சொல்லும் பரிந்துரையும் தவறும். மோல் கிழங்கைத் தொடாது. உருளைக்கிழங்கு, கேரட், பீட்ரூட் வயலில் சேதம் என்றால் அது புதைவிழி எலியின் வேலை. வேரையும் கிழங்கையும் கீழிருந்தே இழுத்துக்கொள்வதால் செடி நின்ற நிலையில் வாடும். மேலே கடித்த தடம் இருக்காது. மண்மேடு வரிசையாக இருக்கும், ஆனால் திறந்த வாய் இருக்காது. நம் ஊர்ப் பழக்கத்தில் வளைவாயைத் தேடி அதில் நச்சு உணவு வைக்கிற முறை இங்கே ஏன் பொருந்தாது என்றால், வாயே இல்லை. மேட்டுக்கு நேர் கீழே தோண்டினாலும் பெரும்பாலும் பக்கக் கிளைதான் கிடைக்கும். இரண்டு மேடுகளுக்கு நடுவே கம்பியால் குத்திப் பார்த்து, கம்பி சட்டென்று இறங்கும் இடத்தில்தான் முதன்மை வளை. இரை தேடும் வளைகள் ஆழமில்லை. கூடும் சேமிப்பறையும் அவற்றுக்கும் கீழே.

பிடிப்பவர்கள் பயன்படுத்துவது இதன் ஒரு பழக்கத்தை: வளையைத் திறந்துவிட்டால் காற்று புகுவதை உணர்ந்து அடைக்க வரும். வந்ததும் பின்னால் மண்வெட்டியை இறக்கித் திரும்பும் வழியை மறிப்பார்கள். சத்தமோ காலடி அதிர்வோ இருந்தால் வராது. புகை, வாயு மாத்திரை இரண்டுமே அடிக்கடி பொய்த்துப்போகும். இடையில் மண்ணை அடைத்துக்கொள்கிறது என்பது ஒன்று. ஆக்சிஜன் குறைந்து கரியமிலவாயு கூடிய காற்றில் இது தாக்குப்பிடிக்கும் என்பது இன்னொன்று. வறண்டு வெடித்த மண்ணில் வாயு வெடிப்பு வழியே வெளியேறியும் விடும்.

இந்த ‘அடைக்கும் மண்’ணுக்கு அடைமண் என்று பட்டியலில் சேர்க்கலாமா?

மடல் 5

அடைமண் அருமை, சேர்த்துக்கொள்கிறேன்.

புதைவிழி எலி என்ற பொதுப்பெயரின்கீழ் சிற்றினங்கள் இப்படி வரும்:

ஸ்பாலாக்ஸ் மைக்ரோப்தால்மஸ் – பெரும் புதைவிழி எலி. நீப்பர், வோல்கா ஆறுகளுக்கு இடைப்பட்ட கருமண் புல்வெளி.
ஸ்பாலாக்ஸ் அரினாரியஸ் – மணற் புதைவிழி எலி. கீழ் நீப்பர் மணற்பகுதியில் மட்டும்.
நானோஸ்பாலாக்ஸ் லூகோடான் – சிறு புதைவிழி எலி.
நானோஸ்பாலாக்ஸ் எஹ்ரென்பெர்கி – மேற்காசியப் புதைவிழி எலி.

கடைசியில் உள்ளது ஒரே இனம் அல்ல என்பதைக் குறிப்பில் சொல்ல வேண்டும். இஸ்ரேலில் மட்டும் 52, 54, 58, 60 குரோமோசோம் கொண்ட நான்கு வடிவங்கள். 2001-இல் இஸ்ரேலிய உயிரியலாளர் எவியாதார் நெவோவும் உடன் ஆய்ந்தவர்களும் அவற்றைக் கலிலி, கோலானி, கார்மெலி, ஜூடாயி என நான்கு இனங்களாகப் பெயரிட்டார்கள். ஆகவே எஹ்ரென்பெர்கிக்கு ‘இனத்தொகுதி’ என்ற அடைமொழி கட்டாயம்.

தலையை வளையின் கூரையில் மோதி அண்டை விலங்குக்குச் செய்தி அனுப்புவதை தலைமோதல் என்றும், அந்தச் செய்தியை நிலவதிர்வுச் சைகை என்றும் எழுதுவோம். ‘நிலநடுக்கச் சமிக்ஞை’ என்ற மொழிபெயர்ப்பைத் தயவுசெய்து கைவிடுங்கள். கால் கிலோ விலங்கின்மேல் அவ்வளவு பழி வேண்டாம்.

மிஞ்சியிருப்பது சீனா, மங்கோலியப் பக்கத்து சோக்கர் என்ற கொறித்துண்ணி. அதுவும் நம் விலங்கின் ஸ்பாலாசிடே குடும்பம்தான், ஆனால் கண் சிறியதே தவிர புதையவில்லை, தோண்டுவதும் நகத்தால். அதைப் புதைவிழி எலிக்குள் சேர்க்க முடியாது. குடும்பப் பெயருக்கு ஸ்பாலாசிடே என்ற ஒலிபெயர்ப்பையே வைத்து, புதைவிழி எலியைத் துணைக்குடும்பத்தோடு நிறுத்துகிறேன். சோக்கருக்கு ‘உகிரகழி’ (உகிர் என்றால் நகம்) என்று ஒருவர் தனிமடலில் அனுப்பியிருக்கிறார். அதைப் புதிய இழையில் பேசுவோம்.