டெல்டாவில் கேம்பர் வண்டியை மட்டமாக நிறுத்துவது: உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

படுகைவாசி (திருவையாறு பக்கம்)

பிக்கப் வண்டியின் முதுகில் படுத்துத் தங்கும் கேம்பர் கூட்டை ஏற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வருகிறவர்கள் பலரும் ஒரே நினைப்பில் வருகிறார்கள். மலை இல்லை, பாறை இல்லை, கண்ணுக்கு எட்டின தூரம் தட்டையாகக் கிடக்கிறது, எங்கே நிறுத்தினாலும் மட்டமாகத்தான் இருக்கும் என்று. தட்டையாக இருப்பது வயல். தண்ணீர் கட்டி, சேறடித்து, பரம்பு ஓட்டி மட்டமாக்கியது. அதில் வண்டி இறங்காது, இறக்கவும் கூடாது. வயலை விட்டால் வண்டி நிற்க மிச்சமிருக்கிற இடமெல்லாம் மண்ணைக் கொட்டி உயர்த்தியது: ஆற்றங்கரை, வாய்க்கால் கரை, திடல், களம், ரோடு. மழைத் தண்ணீர் வழிந்து ஓட வேண்டும் என்றே இவற்றுக்குச் சாய்வு வைத்திருப்பார்கள். சிமெண்டுக் களம்கூட ஒரு பக்கம் லேசாக இறங்கியே இருக்கும். கரைக்கு இரண்டு புறமும் சரிவு, கரைக்குக் கீழே படுகையோ ஆற்றைப் பார்த்துச் சாய்ந்து கிடக்கும். ஆகவே ராத்திரி தங்கக் கிடைக்கிற இடத்தில் வண்டியை மட்டம் பார்க்காமல் படுக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

ஒழுங்கு இதுதான்: முதலில் இடம் வலம், அப்புறம் முன் பின். இரண்டையும் ஒன்றாகச் செய்யப் போனால் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெடும். கணக்கு எளிது. நம் பிக்கப் வண்டிகளில் இடது வலது சக்கரங்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒன்றரை மீட்டர், முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 3 மீட்டரும் கொஞ்சமும் இருக்கும். அதனால் குறுக்கே ஒரு டிகிரி சாய்வு என்றால் தாழ்ந்த பக்கச் சக்கரங்களை 1 அங்குலம் தூக்க வேண்டும், நெடுக்கே ஒரு டிகிரி என்றால் 2 அங்குலம். இதை மனதில் வைத்துக்கொண்டால், செல்போனில் டிகிரியைப் பார்த்ததுமே எத்தனை பலகை என்று சொல்லிவிடலாம்.

செல்போன் மட்டும் போதுமா என்றால் போதாது என்பேன். திருக்காட்டுப்பள்ளி பக்கத்தில் ஒரு திடலில் நான் போனைக் கூட்டுக்குள் தகர மேடை மேல் வைத்தும் தரையில் வைத்தும் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் மாட்டுக் கொட்டகைக்குச் சுவர் எழுப்பிக்கொண்டிருந்த கொத்தனார் ஒருவர் வந்து கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். "தம்பி, அந்தத் தகரம் நடுவுல குழிஞ்சிருக்கு, அதுல வெச்சா அது குழிஞ்சதைத்தான் காட்டும். ரசமட்டம் வெச்சாலும் அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அவருடைய ட்யூப் லெவலை எடுத்து வந்தார். அதே தண்ணீர்க் குழாய்தான், அஸ்திவாரத்துக்கு மட்டம் பிடிப்பார்களே. அவர் சொன்ன முறையைத்தான் இன்றைக்கும் செய்கிறேன்: நல்ல மட்டமான தளத்தில் வண்டியை நிறுத்தி, டயர் காற்றைச் சரிபார்த்துவிட்டு, கூட்டின் நாலு மூலையிலும் வெளிப்பக்கம் ஒரே உயரத்தில் பெயிண்டால் கோடு போட்டுக்கொள்ள வேண்டும். அப்புறம் எந்த இடத்துக்குப் போனாலும் குழாயின் ஒரு முனையை ஒரு மூலையில் கட்டி, மறு முனையை மற்ற மூலைகளுக்குக் கொண்டு போனால் எது எத்தனை அங்குலம் தாழ்ந்திருக்கிறது என்று தண்ணீரே சொல்லிவிடும். குழாய்க்குள் காற்றுக் குமிழி நிற்கக் கூடாது, நின்றால் கணக்கு பொய்யாகிவிடும். வேலையை விட்டுவிட்டு அரை மணி நேரம் என்னோடு நின்றார் அந்த மனிதர், டீ மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு. கம்ப்ரஸர் வைத்த ஃப்ரிட்ஜ் என்றால் கொஞ்சம் சாய்வைத் தாங்கும். கேஸில் ஓடுகிற அம்மோனியா ஃப்ரிட்ஜ் தாங்காது. அதற்குள் திரவத்தைத் தள்ள மோட்டார் கிடையாது, தன் எடையில் தானே வழிந்து இறங்கித்தான் சுற்ற வேண்டும். சாய்ந்து நின்றால் திரவம் குழாயில் தேங்கும், கொதிகலன் பகுதி வறண்டு சூடேறும். துருப் பிடிக்காமல் இருக்கக் கலந்திருக்கும் உப்பு கட்டியாகி அடைத்துக்கொண்டால் ஃப்ரிட்ஜ் அதோடு முடிந்தது. இந்த வகை ஃப்ரிட்ஜ்களுக்குப் பொதுவாகச் சொல்லும் எல்லை, ஃப்ரிட்ஜை எதிரே நின்று பார்க்கும்போது இடம் வலமாக 3 டிகிரி, முன் பின்னாக 6 டிகிரி. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பிரச்சினை இல்லை, ஆட்டத்தில் திரவம் நகர்ந்துகொண்டே இருக்கும். நிற்கும்போதுதான் ஆபத்து. மற்றபடி பாத்திரம் கழுவிய தண்ணீர் மூலையில் நிற்பது, தொட்டியின் அளவு தப்பாகக் காட்டுவது, தலைப்பக்கம் தாழ்ந்து தூக்கம் கெடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும்.

பலகை விஷயத்துக்கு வருகிறேன், என்னிடம் அதிகம் பேர் கேட்பது அதுதான். செங்கல் வேண்டவே வேண்டாம், ஹாலோ பிளாக்கும் வேண்டாம். கூடும் சாமானும் சேர்ந்து ஒரு பின் சக்கரத்தில் முக்கால் டன் அளவுக்கு உட்காரும், செங்கல் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும். கும்பகோணத்து மரவாடி ஒன்றில் பூவரசம் பலகை 2 அங்குலக் கனத்தில் அறுத்து வாங்கினேன். மாட்டு வண்டிக்கு நம் ஊரில் பூவரசைத்தான் தேடுவார்கள், அடி தாங்கும். அடியில் நீளமானது, அதற்கு மேல் குட்டை, அதற்கும் மேல் இன்னும் குட்டை என்று படியாக அடுக்கித் திருகாணி போட்டு இறுக்கிவிட்டால் சக்கரம் படிப்படியாக ஏறும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டியென்றால் பலகை இரண்டுக்கும் சேர்த்து அகலமாக இருக்க வேண்டும். உள் சக்கரத்துக்கு மட்டும் வைத்தால் முழு எடையும் அந்த ஒரு டயரில் இறங்கும்.

இனி நம் களிமண். இதைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு யாரும் சொல்வதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும், ஜாக்கியின் கால் வெடிப்புக்கு மேல் பட்டால் அப்படியே உள்ளே போகும். ஐப்பசி, கார்த்திகையில் அதே மண் வெண்ணெயாகிவிடும். சாயங்காலம் சரியாக மட்டம் பிடித்துப் படுத்தாலும் விடியும்போது ஒரு பக்கம் இறங்கியிருக்கும். வண்டிக்கு அடியில் மண் காய்ந்தே இருக்கிறது, கூரையிலிருந்து வழியும் தண்ணீர் ஒரு பக்கத்தில் சக்கரத்தை ஒட்டி விழுகிறது, அந்தப் பக்கம்தான் இறங்குகிறது. மழைக்காலத்தில் நான் செய்வது: எல்லாச் சக்கரத்துக்கும், உயர்ந்த பக்கத்துக்கும் சேர்த்து, ஒரு அடிக்கு இரண்டடி பலகை விரிப்பது, அதன் மேல் உயரப் பலகை. தண்ணீர் விழும் பக்கம் வைக்கோலைப் பரப்பி, மண்வெட்டியால் ஒரு சின்ன வாய்க்கால் கிழித்து விடுவது. அது போதும்.

படுகையில் தங்குபவர்களுக்கு ஒன்று. மேட்டூர் நிரம்பி உபரி நீர் வருகிற நாட்களில் முக்கொம்பிலிருந்து கொள்ளிடத்தில் திருப்பி விடுவார்கள். கொள்ளிடப் படுகையில் அப்போது நிற்க வேண்டாம். கரைக்கு மேலே ஏறி விடுங்கள், மட்டம் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை.

உப்பளக்காற்று (வேதாரண்யம்)

படுகைவாசி அண்ணன் சொன்னது களிமண் கதை, எங்கள் பக்கம் மணல். மணல் மேட்டில் பலகை வைத்து ஏறினால் சக்கரம் பலகையைப் பின்னால் உதைத்துத் தள்ளிவிடும். அதனால் நாங்கள் தூக்குவதில்லை, தோண்டுகிறோம். உயர்ந்த பக்கச் சக்கரங்களுக்கு முன்னால் மண்வெட்டியால் பள்ளம் பறித்து, ஈரச் சாக்கு விரித்து, அதில் மெதுவாக இறக்கினால் மட்டம் வந்துவிடும். வெளியே வர ஒரு பக்கம் சரிவு விட்டுத் தோண்ட வேண்டும்.

உப்பளத்தை ஒட்டின நிலத்தை நம்பாதீர்கள். மேலே வெள்ளையாகக் காய்ந்து கெட்டியாகத் தெரியும், ஆள் நடக்கலாம், வண்டி நின்றால் ஓடு உடைந்து உளையில் இறங்கும். அகத்தியன்பள்ளி பக்கம் ஒரு குடும்பம் அப்படி மாட்டிக்கொண்டு, உப்பளத்து ஆட்கள் வந்து பலகையும் கயிறுமாக இரண்டு மணி நேரம் பாடுபட்டு எடுத்ததைக் கூடவே நின்று பார்த்தேன். நல்ல மனிதர்கள், ஒரு பைசா கேட்கவில்லை. கோடியக்கரையில் சரணாலயத்துக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்க முடியாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2018 கஜா புயலுக்குப் பிறகு எங்கள் பக்கம் விழுந்த தென்னை கொஞ்ச நஞ்சமல்ல. இன்றைக்கும் தென்னந்துண்டை முட்டுக் கொடுக்கிறவர்கள் உண்டு. வேண்டாம், உள்ளே சோறு மாதிரி, நசுங்கும். பனை என்றால் வெளிப்பக்கம் வைரம் பாய்ந்தது, அதைப் பிளந்து தட்டைப் பக்கம் தரையில் படும்படி வைக்கலாம்.

வெண்ணாற்றங்கரை (திருவாரூர்)

மட்டம் பிடித்த பிறகு வண்டி உருளாமல் இருப்பதைப் பற்றி யாரும் எழுதவில்லையே. டெல்டாவில் சக்கரத்துக்கு வைக்க ஒரு கல் கிடைக்காது, எல்லாம் வண்டல். கட்டையைக் கையோடு கொண்டு வர வேண்டும். எங்கள் ஊர் ஆழித்தேர் 96 அடி உயரம், திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்த ஹைட்ராலிக் பிரேக் இருக்கிறது, அப்படியும் முட்டுக்கட்டை போடும் ஆட்கள் சக்கரத்தோடு சக்கரமாக நடந்து வருவார்கள். அந்த வேலையை வெகு காலம் செய்த பெரியவர் ஒருவரிடம் என் வண்டிக்குக் கட்டை செதுக்கச் சொல்லிக் கேட்டேன். சக்கரத்தின் வளைவை அட்டையில் வரைந்து வாங்கிக்கொண்டு அதே வளைவுக்குச் செதுக்கித் தந்தார். "கட்டை சக்கரத்தோட ஒட்டி உக்காரணும். நாலு விரல் இடம் விட்டா அந்த நாலு விரல்ல வண்டி வேகம் எடுத்து ஏறிப் போயிடும்" என்றார். கட்டைக்கு நீளமான கைப்பிடியும் வைத்திருந்தார், போடும்போதும் எடுக்கும்போதும் விரல் சக்கரத்துப் பக்கம் போகக் கூடாது என்று.

ஒரு கேள்வி. கூட்டை இறக்கி ஏற்றுவதற்கு நாலு மூலையிலும் ஜாக்கி இருக்கிறதே, அதையே திருகி வண்டியை மட்டமாக்கினால் என்ன?

படுகைவாசி

கூடாது தம்பி. அந்த ஜாக்கிகள் கூட்டின் எடையை மட்டும் நேராகத் தாங்குவதற்குச் செய்தவை. வண்டியையும் சேர்த்துத் தூக்கினால் கூட்டைப் பிடித்திருக்கும் கொக்கியும் கூட்டின் சட்டமும் இழுபடும், பக்கவாட்டில் கொஞ்சம் தள்ளினாலும் கால் மடியும். மட்டத்தைச் சக்கரத்தில்தான் பிடிக்க வேண்டும். எல்லாம் முடிந்து, ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டை வைத்த பிறகு, உள்ளே நடக்கும்போது ஆட்டம் தெரிந்தால் மட்டும் பின் ஜாக்கி இரண்டையும் தரையில் பலகை வைத்துத் தொடுகிற அளவுக்கு இறக்குங்கள். காலையில் கிளம்பும்போது முதலில் ஜாக்கியை ஏற்றிவிட்டு, வண்டியைக் கியரில் போட்டு, கட்டையைக் கடைசியாக எடுங்கள்.

கட்டை செதுக்கின பெரியவர் இன்னும் செய்து தருகிறாரா? எனக்கும் ஒரு ஜோடி வேண்டும்.