றேடியேற்றருக்குத் தமிழ்: கதிர்ப்பியா, சூடாற்றியா?

நல்லூர் மொழிபெயர்ப்பாளர்:
எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் மோட்டார் வீடு வாடகைக்கு விடும் ஒருவருக்காகப் பராமரிப்புக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். சமையலறை, கட்டில், கழிப்பறை எல்லாம் உள்ளேயே இருக்கும் பஸ் அளவு வண்டி. எடுத்துப் போகிறவர்களில் எங்கள் ஆட்கள் நிறையவாம். எஞ்சின் சூட்டைப் பற்றிய அத்தியாயத்தில் நிற்கிறேன், வெள்ளிக்கிழமை அனுப்பவேண்டும். எஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் றேடியேற்றருக்கு என்ன போடலாம்? 'குளிரேற்றி' என்று போட வழியில்லை. மீனும் பாலும் வைக்கிற குளிரேற்றி ஒன்று அதே வண்டிக்குள் இருக்கிறது. "குளிரேற்றியின் நீர்மட்டத்தைப் பாருங்கள்" என்றால் ஆள் பிறிட்ஜைத்தான் திறப்பார்.

கொக்குவில் மாஸ்ரர்:
தங்கச்சி, இதில் யோசிக்க என்ன இருக்கிறது? றேடியேஷனுக்குக் கதிர்ப்பு என்பது எங்கள் பாடப்புத்தகச் சொல். கதிர்ப்பது கதிர்ப்பி. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த எவருக்கும் விளங்கும்.

திருநெல்வேலி பொறியியலாளர்:
மாஸ்ரர், அது கதிர்த்தால்தானே கதிர்ப்பி? எஞ்சினைச் சுற்றி வந்த சுடுதண்ணீர் மெல்லிய குழாய்களுக்குள் ஓடுகிறது. சூடு குழாய்ச் சுவர் வழியாகத் தகட்டுச் செதில்களுக்குப் போகிறது. விசிறி இழுக்கும் காற்று அதை வாங்கிக்கொண்டு வெளியே போகிறது. நடப்பது கடத்தலும் மேற்காவுகையும், கதிர்ப்பில் போவது சொற்பம். ஆங்கிலக்காரன் பொருத்தமில்லாமல் வைத்த பெயரை நாங்களும் ஏன் சுமக்கவேண்டும்?

மதுரை நண்பர்:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். மேற்காவுகை என்றால் எங்கள் ஊர் வெப்பச்சலனமா?

கொக்குவில் மாஸ்ரர்:
அதுவேதான். காவுதல் என்றால் சுமத்தல், இங்கே இன்றும் வீட்டுப் பேச்சு. காவடி அதில் பிறந்தது. சூடான பாய்மம் மேலெழுந்து வெப்பத்தைக் காவிச் செல்வதால் மேற்காவுகை. எவ்வளவு அழகான சொல்! சலனம் வடமொழி, அதை விடுங்கள்.

திருநெல்வேலி பொறியியலாளர்:
விசிறி பக்கவாட்டில் தள்ளுகிற காற்றுக்கும் 'மேற்'காவுகையா மாஸ்ரர்?

கொக்குவில் மாஸ்ரர்:
குதர்க்கத்துக்குப் பதில் எழுதமாட்டேன்.

மானிப்பாய் பெரியவர்:
எங்கள் ஊரில்தான் அமெரிக்க மருத்துவர் கிறீன் 1848 இல் வைத்தியசாலை தொடங்கி, பிறகு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். உடலுக்குள் இருக்கும் உறுப்புகளுக்கே அன்று தமிழ்ச் சொல் தேடினார்கள். ஒரு தகரப் பெட்டிக்குக் கிடைக்காதா? என்னுடைய பரிந்துரை 'சூடாற்றி'. ஆறு தன்வினை, ஆற்று பிறவினை, வினைமுதற் பொருளில் இகர விகுதி சேர்ந்தால் ஆற்றி. தேத்தண்ணியைக் கோப்பைக்குக் கோப்பை இழுத்து ஆற்றுகிறோமே, அதில் நடப்பதும் காற்றுப் படும் பரப்பைக் கூட்டுவதுதான். சுட்ட புண் உள்ளாறும் என்று வள்ளுவரும் ஆறுதலைச் சூட்டோடு சேர்த்தே வைத்தார்.

கொக்குவில் மாஸ்ரர்:
'சூடு' நெடிற்றொடர்க் குற்றியலுகரம் ஐயா. வேற்றுமையில் டகரம் இரட்டும். 'சூட்டாற்றி' என்றல்லவா வரவேண்டும்?

மானிப்பாய் பெரியவர்:
நன்னூலார் 'மிகவே', அதாவது பெரும்பாலும், என்றுதானே சொன்னார், எல்லா இடத்திலும் என்று சொல்லவில்லையே. நாட்டாளுமன்றம் என்று யாராவது எழுதுகிறோமா?

சுன்னாகம் கராஜ்காரர்:
ஐயாமாரே, நான் இந்த வேலையிலேயே கிடக்கிறவன். என்னிடம் வருகிறவர் "றேடியேற்றர் ஒழுகுது, எஞ்சின் ஹீற் அடிக்குது" என்றுதான் சொல்வார். சுண்ணாம்புக் கல்லுக்கு மேலே இருக்கிற ஊர் இது. கிணற்றுத் தண்ணியை ஊற்றி ஊற்றிக் குழாய்க்குள் வெள்ளையாகக் காறை பிடித்து அடைத்துப்போன றேடியேற்றரை வெட்டிப் பார்த்தால் தெரியும். அதற்கு எந்தப் பெயர் வைத்தாலும் அடைப்பு எடுபடாது.

மோட்டார் வீட்டில் சிக்கல் வேறு. பெரிய டீசல் வண்டிகள் பலவற்றில் எஞ்சினும் றேடியேற்றரும் பின்பக்கம். முன்னால் வருகிற காற்று நேரே படாது. சில்லு கிளப்பும் புழுதி, எஞ்சின் மூச்சுக் குழாயால் வரும் எண்ணெய்ப் புகை இரண்டும் சேர்ந்து செதிலில் களியாக ஒட்டும். எஞ்சினுக்குள் காற்றை அமுக்கி அனுப்பும் ரேர்போவின் காற்றை ஆற்றும் இன்னொரு பெட்டியும் அதோடு ஒட்டி நிற்கும், அழுக்கு இரண்டுக்கும் நடுவில் போய் இருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பளிச்சென்றிருக்கும், மலை ஏறும்போது கொதிக்கும். இரண்டு பக்கத்தாலும் சவர்க்காரத் தண்ணி விட்டு மெதுவாகக் கழுவவேண்டும். வேகமாகப் பீச்சினால் செதில் மடியும். தங்கச்சி, இதைக் கையேட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

நல்லூர் மொழிபெயர்ப்பாளர்:
நன்றி அண்ணை, மூலத்திலும் அது இருக்கிறது. எனக்குப் பயம் எச்சரிக்கை வரியில்தான். "எஞ்சின் சூடாக இருக்கும்போது சூடாற்றியின் அமுக்க மூடியைத் திறக்கவேண்டாம்." வாசித்தவுடன் கை நிற்குமா?

மதுரை நண்பர்:
எங்கள் ஊர்க்காரர் கை நிற்காது. அமுக்கம் என்றால் இங்கே கள்ளத்தனமாக ஒளித்து வைப்பது. அழுத்தம் என்று போடுங்கள்.

திருநெல்வேலி பொறியியலாளர்:
அமுக்கமோ அழுத்தமோ, காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். அந்த மூடி வளியமுக்கத்துக்கு மேல் ஏறக்குறைய இன்னொரு மடங்கைத் தாங்கிப் பிடிக்கிறது. அந்த நிலையில் வெறும் தண்ணீரே 120 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடியைத் திருகியவுடன் அமுக்கம் விழும், உள்ளே இருப்பது ஆவியாகி முகத்தில் அடிக்கும். கனடா என்பதால் கூலன்ற், அதாவது றேடியேற்றருக்குள் ஓடும் திரவக் கலவையையும் மறக்கவேண்டாம். எதிலீன் கிளைக்கோலும் நீரும் பாதிக்குப் பாதி என்றால் சுமார் மறை (மைனஸ்) 37 பாகை வரை உறையாது.

மானிப்பாய் பெரியவர்:
கூலன்றுக்கு 'தண்ணி' என்ற அடியிலிருந்தே எடுக்கலாம். தண், தண்மை, தணி. ஆனால் தணல் சுடுகிறதே, அது எப்படி இந்தக் குடும்பத்தில் வந்தது என்று நெடுநாளாக எனக்கு ஒரு கேள்வி.

சுன்னாகம் கராஜ்காரர்:
தண் குளிர்ச்சி என்கிறீர்கள், நாங்கள் சுடுதண்ணி குடிக்கிறோம். அது சரியென்றால் கதிர்க்காத கதிர்ப்பியும் சரி, றேடியேற்றரும் சரி.

திருநெல்வேலி பொறியியலாளர்:
இன்னொன்று. வண்டிக்குள் சூடு தரும் ஹீற்றரும் உள்ளே ஒரு குட்டி றேடியேற்றர்தான், அதே கூலன்ற் ஓடுகிறது. எஞ்சின் கொதிக்கத் தொடங்கினால் அதை முழுதாகத் திறந்துவிட்டு ஓரம் கட்டுவது தெரிந்த உபாயம். ஆளைச் சூடாக்கும் சாமானுக்கும் சூடாற்றி என்று பெயர் வைப்பீர்களா ஐயா?

மானிப்பாய் பெரியவர்:
தண்ணீரின் சூட்டை ஆற்றுகிறது. ஆளுக்கு என்ன ஆகிறது என்பது ஆளின் பாடு.

நல்லூர் மொழிபெயர்ப்பாளர்:
நேரம் போய்விட்டது. எச்சரிக்கை வரிகளிலும் பழுது பார்க்கும் பகுதியிலும் 'றேடியேற்றர்', கூலன்றும் அப்படியே. பாகங்களின் விளக்கப் படத்தில் மட்டும் 'சூடாற்றி' என்று பக்கத்தில் சேர்க்கிறேன். மூடிக்கு 'அழுத்தம்', வாசிப்பவர்கள் இரு கரையிலும் இருக்கிறார்கள். பெரும்பாலோர் இதற்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கொக்குவில் மாஸ்ரர்:
நான் சம்மதிக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அமுக்கத்தை விட்டீர்கள், நாளைக்கு மேற்காவுகையும் போகும். கூலன்ற் ஓட்டத்தைச் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் 'தேமோஸ்ரற்'றுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள் என்றும் அறிய விருப்பம்.