சராசரி 87 சதவீதம், ஜிபிஏ மட்டும் 3.22. எப்படி?

கேள்வி:
நாலு பாடம். மார்க் 91, 84, 78, 95. கிரெடிட் (ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள எடை) முறையே 4, 3, 3, 2. சராசரி 87 வருகிறது. நூற்றுக்கு 4.0 என்றால் 87-ஐ 25-ஆல் வகுத்து 3.48 வரணும். பள்ளி கொடுத்த தாளில் ஜிபிஏ (கிரேடு பாயிண்ட் சராசரி) 3.22 என்று இருக்கிறது. எங்கே இடிக்கிறது?

பதில் 1:
25-ஆல் வகுப்பதுதான் தப்பு. அப்படிப் பார்த்தால் 50 வாங்கியவருக்கும் 2.0 கிடைத்துவிடும்; பள்ளிக் கணக்கில் 60-க்குக் கீழே பெரும்பாலும் பூஜ்யம். ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியாக கிரேடு பாயிண்டாக மாற்றிய பிறகுதான் சராசரி எடுப்பார்கள்.

பரவலாகப் புழங்கும் பட்டியலில் 93-ம் அதற்கு மேலும் ஏ, 4.0. 90–92 ஏ மைனஸ், 3.7. 87–89 பி பிளஸ், 3.3. 83–86 பி, 3.0. 80–82 பி மைனஸ், 2.7. 77–79 சி பிளஸ், 2.3.

உங்கள் மார்க்கைப் போட்டால்:
91 → 3.7 × 4 = 14.8
84 → 3.0 × 3 = 9.0
78 → 2.3 × 3 = 6.9
95 → 4.0 × 2 = 8.0
மொத்தம் 38.7. அதை 12 கிரெடிட்டால் வகுங்கள்.

கேட்டவர்:
3.225 வருகிறது. அப்போ 3.23 தானே?

பதில் 2:
இரண்டு தசமத்துக்கு மேல் இருப்பதை முழுமையாக்காமல் அப்படியே வெட்டிவிடும் பள்ளிகள் உண்டு. உங்கள் தாளில் நடந்தது அதுதான் போலிருக்கிறது. இந்த 0.01-க்காக மல்லுக்கட்ட வேண்டாம். பாட மார்க்கை முழுமையாக்குகிறார்களா என்று கேளுங்கள், அங்கேதான் அடி பலம்: 89.6-ஐ 90 ஆக்கினால் 3.7, ஆக்காவிட்டால் 3.3.

பிளஸ், மைனஸ் இல்லாத பட்டியலும் இருக்கிறது. அதில் இதே மார்க்குக்கு 4, 3, 2, 4 என்று விழுந்து 39 ÷ 12 = 3.25 ஆகும். எந்தப் பட்டியல் என்பது பெரும்பாலும் மார்க் தாளின் பின்பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

பதில் 3:
அடுத்த பருவம் வந்ததும் இரண்டு ஜிபிஏவையும் கூட்டி இரண்டால் வகுத்துவிடாதீர்கள். 18 கிரெடிட்டில் 3.80 எடுத்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 3.22-ஓடு சேர்த்துப் பாதியாக்கினால் 3.51. சரியான வழி: 18 × 3.80 = 68.4, பழைய 38.7-ஐக் கூட்டினால் 107.1, அதை 30-ஆல் வகுத்தால் 3.57.

தேர்ச்சி/தோல்வி என்று மட்டும் போடும் பாடத்தில் தேர்ச்சி பெற்றால் அதன் கிரெடிட் பொதுவாக வகுக்கும் எண்ணில் சேராது. கடினப் பாடங்களுக்கு 0.5 அல்லது 1.0 கூட்டிப்போடும் பள்ளிகளில் ஜிபிஏ 4.0-ஐத் தாண்டியும் போகும். வேறு இடத்துக்கு விண்ணப்பிக்கும்போது, அவர்களே மாற்றச் சொல்லிக் கேட்டாலொழிய, சதவீதத்தை உள்ளபடியே எழுதுங்கள். மாற்றும் பட்டியல் அவர்களிடமே இருக்கும்.