யன்னலுக்கு மேலே ட்ரில் இறங்கவில்லை: எந்த மெஷினை வாங்குவது?

ஆரையம்பதி டீச்சர்

சுவரில் நாலு துளை போடுவதற்கு ஆள் பிடிப்பது பெரும்பாடாகிவிட்டது. தெரிந்த மேசன் பாஸைக் கூப்பிட்டால் "இதற்கா டீச்சர்?" என்று சிரித்துவிட்டுப் போகிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு என் திரைச்சீலைக்கு ஏன் வர வேண்டும்? ஆகவே நானே செய்வதென்று இறங்கிவிட்டேன்.

வீட்டின் முன்பக்கம் அப்பா காலத்துச் செங்கல். பின்னால் குசினியும் இரண்டு அறைகளும் பிறகு சீமெந்துக் கல்லில் கட்டியவை, நாலு அங்குலச் சுவர். என்னிடம் இருப்பது தம்பி கட்டாரிலிருந்து கொண்டுவந்த சிறிய ட்ரில். வெறுமனே சுற்றும், அடிக்காது. செங்கல் சுவரில் புத்தகத் தட்டை அதனால்தான் பொருத்தினேன், ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் யன்னலுக்கு நாலு விரல் மேலே திரைச்சீலைக் கம்பிக்குக் குறித்த இடத்தில், பூச்சைத் தாண்டியதும் மெஷின் கிரீச்சிட்டுக்கொண்டு அங்கேயே நிற்கிறது. சாம்பல் நிறத்தில் மாவு போன்ற தூசு கொஞ்சம் கொட்டியது, பிட்டின் நுனி நீலமாகிவிட்டது, அவ்வளவுதான். அதே சுவரில் யன்னலுக்குக் கீழே பிட் தானாக இறங்குகிறது!

கல்முனையில் ஒரு கடையில் "1200 வாட்" என்று பெட்டி முழுக்க எழுதிய மெஷின் ஒன்றைக் காட்டினார்கள். பக்கத்திலேயே வாட் குறைந்த இன்னொன்று, விலை கூடியது. ஏன் என்று கேட்டால் "அது ரோட்டரி ஹாமர்" என்பதோடு விளக்கம் முடிந்தது. திரைச்சீலைக் கம்பிகள், சுவர் மின்விசிறி, முன் விறாந்தைத் தூணில் கொடிக் கம்பிக்குக் கொக்கி, குளியலறை டைலில் ஒரு தட்டு, இவைதான் என் வேலைகள். எதை வாங்கலாம்?

மருதமுனை அலுமினியம்

டீச்சர், வாட்டைப் பார்த்து ட்ரில் வாங்காதீர்கள். வாட் என்பது மெஷின் இழுக்கும் மின்சாரம். சுவரில் விழும் அடியின் கணக்கு வேறு, அது ஜூல். பெட்டியில் ஜூல் எழுதாமல் வாட்டை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி வைத்துவிடுங்கள்.

உங்கள் யன்னலுக்கு மேலே இருப்பது கல் இல்லை, லிண்டல். கொங்கிரீட்டும் உள்ளே கம்பியும். யன்னலின் இரண்டு பக்கமும் அது அரை அடிக்கு மேல் நீண்டு சுவரில் உட்கார்ந்திருக்கும். சில வீடுகளில் வீட்டையே சுற்றி ஒரு பட்டியாக ஓடும். சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையோரத்தில் கட்டியவற்றில் அப்படி நிறையப் பார்த்திருக்கிறேன். திரைச்சீலைக் கம்பி போகும் இடமும் சரியாக அதுதான். நான் யன்னல் பொருத்தப் போகும் வீடுகளில் பாதிப் பேர் உங்கள் கதையைத்தான் சொல்கிறார்கள்.

கடையில் இரண்டு சாதி அடிக்கும் மெஷின்கள் உண்டு. இம்பக்ட் ட்ரில்லுக்குள் பல் வைத்த இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று உரசித் துள்ளும். நிமிடத்துக்கு 40,000க்கு மேல் அடி விழும், ஆனால் ஒவ்வொன்றும் சுண்டு விரலால் தட்டுவதுபோல. உங்கள் கை அழுத்தினால்தான் அதற்கும் பலம். ரோட்டரி ஹாமரில் ஒரு பிஸ்டன் காற்றை அமுக்கி, அந்தக் காற்று சுத்தியலை எறியும். நிமிடத்துக்கு 4,000 அளவில்தான் அடி, ஆனால் ஒவ்வோர் அடியும் 2 அல்லது 3 ஜூல். என்னிடம் இருப்பது பொஷ் ஜி.பி.எச். 2-26, அது 2.7 ஜூல். லிண்டலில் 6 மில்லிமீட்டர் துளைக்கு ஒரு கையால் பிடித்தாலே போதும் என்று தோன்றும், ஆனாலும் இரண்டு கையாலும் பிடியுங்கள். கம்பியில் பிட் சிக்கினால் மெஷின் மணிக்கட்டை முறுக்கிவிடும்.

என் முடிவு: மூன்று நிலை உள்ள சிறிய எஸ்.டி.எஸ். பிளஸ் ரோட்டரி ஹாமர். எஸ்.டி.எஸ். பிளஸ் என்பது பிட்டைத் தள்ளினால் தானே பூட்டிக்கொள்ளும் வாய். சுற்றுவது மட்டும், சுற்றி அடிப்பது, அடிப்பது மட்டும். உங்கள் தூணுக்கும் லிண்டலுக்கும் வேறு வழி இல்லை. நாலு அங்குலக் கல்லில் மட்டும் அடியை நிறுத்திவிட்டுச் சுற்றவிடுங்கள். அடித்துக்கொண்டே போனால் மறுபக்கத்துப் பூச்சு தட்டையாகக் கழன்று விழும். தெரு ஓரத்தில் அரியும் கல்லில் மணல் கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. பிட்டை வைத்ததும் தெரிந்துவிடும்.

துளையிடும்போது கொட்டுவதைப் பாருங்கள். சிவப்பு என்றால் செங்கல். கரகரவென்ற மணல் என்றால் சீமெந்துக் கல். நீங்கள் எழுதிய அந்தச் சாம்பல் மாவு கொங்கிரீட். அதைக் கண்ட இடத்தில் சாதாரண ட்ரில்லை நிறுத்திவிட வேண்டும். மேலும் அழுத்தினால் சூட்டில் நுனியில் ஒட்டியிருக்கும் கார்பைட் என்ற கடினத் துண்டு கழன்று போகும். நீலமான பிட்டைத் தூக்கி எறியுங்கள்.

களுவாஞ்சிக்குடி பழைய டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்)

பிள்ளை, மருதமுனைக்காரர் சொன்ன விளக்கம் முழுவதும் சரி. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு அது தினத் தொழில். அந்த மெஷின் மூன்று கிலோவுக்குக் கிட்ட வரும். அதை ஸ்டூலில் ஏறி நின்று தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள். 2022க்குப் பிறகு விலைகள் இருக்கும் இருப்பில், வருடத்தில் ஒரு கிழமை பாவிக்கும் பொருளுக்கு அவ்வளவு கொடுப்பது எதற்கு? 600 வாட் அளவில் நல்ல இம்பக்ட் ட்ரில் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், கல்லுக்கும் செங்கலுக்கும் மரத்துக்கும் அதுவே போதும். லிண்டலும் தூணும் ஒரே நாளில் முடியும் வேலை. அந்த நாளுக்கு ஹாமரை வாடகைக்கு எடுங்கள்.

எதை எடுத்தாலும் முதலில் வீட்டு ட்ரிப் சுவிட்ச்சின் சோதனைப் பொத்தானை அமுக்கி, அது விழுகிறதா என்று பாருங்கள். விழாவிட்டால் ட்ரில்லை வெளியே எடுக்கவே வேண்டாம். சுவிட்சுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடாதீர்கள், வயர் அந்தக் கோட்டில்தான் ஓடும். மெஷினின் தகட்டில் சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருந்தால் அது இரட்டை மின்காப்பு உள்ளது.

அக்கரைப்பற்றுத் தம்பி

அக்கா, பற்றரி மெஷினை ஒருவரும் சொல்லவில்லையே. மார்கழி மழையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. 18 வோல்ட் ஹாமரில் கல்லும் செங்கலும் இலகுவாகப் போகும். கொங்கிரீட்டில் ஒன்றிரண்டு துளைக்கு மேல் எனக்கே பொறுமை இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். வெளிநாட்டிலிருந்து யாரும் வயர் மெஷின் கொண்டுவந்தால் தகட்டைப் பாருங்கள். 110, 127 என்று இருந்தால் நம் 230இல் செருகிய உடனே புகைதான்.

ஆரையம்பதி டீச்சர்

தகவலுக்கு எல்லோருக்கும் நன்றி. நானா, டைலுக்கும் அந்த எஸ்.டி.எஸ். மெஷினே சரிவருமா? கம்பியில் பட்டால் என்ன செய்வது? இன்னொன்று, எங்கள் வீட்டில் கடற்காற்று நேராக அடிக்கிறது. பழைய திருகாணிகள் எல்லாம் துருப்பிடித்துப் பூச்சில் கறை வழிந்திருக்கிறது.

மருதமுனை அலுமினியம்

டைலில் அடி கூடவே கூடாது, வெடித்துவிடும். எஸ்.டி.எஸ். மெஷினில் சாதாரண பிட்டைப் பிடிக்கும் வழமையான சக் ஒன்றைப் பொருத்தி, ஈட்டி முனை வைத்த டைல் பிட்டை மாட்டி, அடி இல்லாமல் மெதுவாகச் சுற்றவிடுங்கள். குறித்த இடத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. டைலைத் தாண்டிய பிறகு சுவருக்கு ஏற்றபடி பிட்டை மாற்றலாம். உங்கள் சின்ன ட்ரில் இதற்குப் போதும், அதை விற்றுவிடாதீர்கள்.

கம்பி பட்டால் சத்தம் மாறும், தூசு நின்றுவிடும். வெட்டப் பார்க்க வேண்டாம், இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடுங்கள். பிராக்கெட்டின் தகடு பழைய துளையை மறைத்துவிடும்.

திருகாணி ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள். வீட்டுக்குள் 304 போதும். கொடிக் கம்பி வெளியே என்பதால் அதன் கொக்கிக்கு மட்டும் 316 கேளுங்கள், உப்புக்கு அது கூடத் தாங்கும். துளைத்து முடிந்ததும் உள்ளே நிற்கும் தூசை ஊதி எடுத்துவிட்டுத்தான் திருகாணிக்கான சுவர் பிளக்கைத் தட்ட வேண்டும். வாயால் ஊதாதீர்கள், கண்ணுக்குத்தான் வரும். சைக்கிள் பம்ப் இருந்தால் நல்லது. மூக்கையும் கட்டிக்கொள்ளுங்கள், கொங்கிரீட் தூசு நெஞ்சுக்குக் கூடாது.

டீ.ஓ. ஐயா சொன்ன பாரம் உண்மைதான், மறுக்கவில்லை. ஸ்டூலை விட்டுவிட்டு மேசையில் ஏறி நில்லுங்கள் டீச்சர். ஆனால் வாடகை மெஷினைக் கையில் வாங்குமுன் கடையிலேயே செருகி, ஏதாவது கொங்கிரீட் துண்டில் ஒரு துளை போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பிஸ்டன் வளையம் தேய்ந்த மெஷின் சத்தம் போடும், சுற்றும், அடிக்காது.